ஓட்டைதான் மூஞ்சி: ஓவன் இல்லாம மே மாசத்துல பண்ண மிருக டோனட்

கேஸ் என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். அக்கா பையனுக்கு 5-வது பர்த்டே, ஸ்ரீரங்கத்துல, கத்திரி வெயில் கொளுத்தற மே மாசத்துல. தீம் காடு. பசங்க 25 பேர் பக்கம், கூட அவங்க அம்மாமாரு, சில பேர் இடுப்புல கைக்குழந்தை வேற. வீட்ல ஓவன் கிடையாது. ஒரு பழைய மைக்ரோவேவ், ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜ், ஏசி ஒரே ஒரு பெட்ரூம்ல. அக்கா மாமியார் இருக்கிற வீடு, முட்டை வாசப்படி தாண்டாது. பையன் போட்ட ஆர்டர் ஒண்ணே ஒண்ணுதான், "மூஞ்சி வெச்ச டோனட்" வேணும், எங்கயோ வீடியோல பாத்திருக்கான், அதுல சிங்கம் சிரிக்குதாம்.

இந்த கேரக்டர் டோனட் வீடியோ எல்லாம் பாத்தீங்கன்னா முக்காவாசி ஏதோ குளிர் ஊர் கிச்சன்ல எடுத்ததா இருக்கும், டோனட்ட சாக்லேட்ல முக்கி கம்பி ரேக்குல வைப்பாங்க, அது பாட்டுக்கு அஞ்சு நிமிஷத்துல இறுகிடும், மேல கண்ணு ஒட்டுவாங்க, முடிஞ்சுது. திருச்சில மே மாசம் மத்தியானம் 38, 39 டிகிரி அடிக்கும்போது அதே சாக்லேட் ரேக்குல உக்காந்து உங்களையே பாத்துக்கிட்டு இருக்கும், இறுகவே இறுகாது. அதனால இதை வெறும் ரெசிபியா எழுதாம, எந்த இடத்துல எதை ஏன் முடிவு பண்ணோம்னு சேத்து எழுதறேன், அப்பதான் உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

கடை டோனட்டா, பிஸ்கட் டோனட்டா

ஓவன் இல்லாம பண்ண ரெண்டு வழிதான். ஒண்ணு, பேக்கரில ப்ளெயின் டோனட் வாங்கிட்டு வந்து மேல அலங்காரம் மட்டும் நம்ம பண்றது. இன்னொண்ணு, மாரி பிஸ்கட்டையும் மில்க்மெய்டையும் பிசைஞ்சு டோனட் அச்சுல அழுத்தி எடுக்கறது.

மொத வழி கேக்கறதுக்கு ஈஸியா இருக்கும், பத்து பேருக்குன்னா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா இங்க மூணு சிக்கல். பேக்கரி டோனட் மாவுல பெரும்பாலும் முட்டை இருக்கும், எக்லெஸ்னு தனியா சொல்லி வெக்கணும், சொன்னாலும் அதே எண்ணெய்ல எதைப் பொரிச்சாங்கன்னு மாமியாருக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, அது ஈஸ்ட் போட்டு எண்ணெய்ல பொரிச்ச பண்டம், அன்னிக்கு காலைல வாங்கினா சாயங்காலம் வரைக்கும்தான் மெத்துனு இருக்கும், மறுநாள் ரப்பர். அப்ப அலங்கார வேலை மொத்தமும் பார்ட்டி அன்னிக்கே வந்து விழும், பலூன் கட்டறவங்க ஒரு பக்கம், கேட்டரிங் ஆள் ஒரு பக்கம், நடுவுல நீங்க 30 டோனட்டுக்கு கண்ணு வெச்சுட்டு இருப்பீங்க. மூணாவது, பொரிச்ச டோனட் மேல லேசா எண்ணெய் படிஞ்சிருக்கும், சர்க்கரைத் தூளும் தூவியிருந்தாங்கன்னா சாக்லேட் பிடிக்காம ஓடு மாதிரி கழண்டு வரும். சரி, கடை டோனட்தான்னு முடிவு பண்றவங்க சர்க்கரை தூவாததா கேட்டு வாங்கி, மேல்பக்கத்தை டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுத்துட்டு முக்குங்க, அவ்வளவுதான் அதுல ரகசியம்.

பிஸ்கட் டோனட்டுக்கு இந்த எதுவும் கிடையாது. ரெண்டு நாள் முன்னாடியே பண்ணி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், கெட்டுப்போகாது, காஞ்சும் போகாது. முட்டை இல்ல. உண்மையைச் சொல்லணும்னா சாப்பிடறப்ப அது டோனட் இல்லதான், சாக்லேட் பிஸ்கட் பர்ஃபி டோனட் வேஷம் போட்ட மாதிரி. கனமா, ரொம்ப இனிப்பா இருக்கும். அதனால சைஸ் சின்னதா இருந்தே ஆகணும், ஒண்ணு 30 கிராமுக்கு மேல வேண்டாம். பெரிய சைஸ்ல பண்ணா பசங்க பாதி தின்னுட்டு சோபா இடுக்குல சொருகிடுவாங்க.

அளவு இதுதான்: மாரி பிஸ்கட் 500 கிராம், மில்க்மெய்ட் ஒரு டின், வெண்ணெய் 100 கிராம் உருக்கினது, கோக்கோ பவுடர் ரெண்டு மூணு ஸ்பூன். பிஸ்கட்ட மிக்ஸில நைஸா அடிச்சு ஜல்லடைல சலிச்சுக்கோங்க, திப்பி இருந்தா டோனட் ஓரம் உதிரும். மில்க்மெய்ட மொத்தமா கவுத்துடாதீங்க, முக்கால் டின் ஊத்தி பிசைஞ்சு பாத்துட்டு மிச்சம். கைல ஒரு உருண்டை பிடிச்சு லேசா அமுக்கினா ஓரம் வெடிக்கக்கூடாது, விரல்லயும் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். வெடிச்சா இன்னும் கொஞ்சம் மில்க்மெய்ட், ஒட்டினா கொஞ்சம் பிஸ்கட் பொடி. இதுல சுமார் 1 கிலோ மாவு வரும், 30 கிராம் வீதம் 33 டோனட்.

எந்த மிருகம்னு ஓட்டையை வெச்சு முடிவு பண்ணுங்க

இதுதான் இந்த கேஸ்ல நான் முக்கியமா சொல்ல வந்தது. எல்லாரும் மொதல்ல மிருகத்தை முடிவு பண்ணிட்டு, அப்புறம் நடுவுல இருக்கிற ஓட்டையை எப்படி மறைக்கறதுன்னு மண்டைய உடைச்சுக்கறாங்க. முகத்துல நட்ட நடுவுல, மூக்கு இருக்க வேண்டிய இடத்துல ஒரு குழி இருந்தா அது எந்த மிருகமாவும் தெரியாது, பல்லு டாக்டர் போஸ்டர்தான். ஓட்டை என்னவா ஆகும்னு மொதல்ல யோசிங்க, அப்புறம் மிருகம் தானா வரும்.

ஓட்டையை அப்படியே விட்டா அது தொறந்த வாய். வாயைத் தொறந்தா அழகா இருக்கிற மிருகம் எது? தவளை. பச்சை வளையம், மேல் ஓரத்துல ரெண்டு முட்டைக்கண்ணு நிக்கணும், முகத்துக்குள்ள வெக்கக்கூடாது, ஓரத்துல எட்டிப் பாக்கற மாதிரி வெச்சாதான் தவளை. ஓட்டை வாய், ஓரத்துல ஒரு சிவப்பு நாக்கு. மூக்குக்கு ரெண்டு புள்ளி. பசங்க மொதல்ல பண்றதே வாய்க்குள்ள விரலை விடறதுதான்.

ஓட்டை மேல ஒரு வெள்ளை வட்டத்தை ஒட்டினா அது கரடியோட மூக்குப் பகுதி. அந்த வெள்ளை வட்டத்துல ஒரு கறுப்பு மூக்கு, கீழ ஒரு சின்ன கோடு. கரடிக்கு கலரே கலக்க வேண்டாம், மில்க் காம்பவுண்ட் (கோக்கோ பட்டருக்கு பதிலா வேற கொழுப்பு போட்ட சாக்லேட் கட்டி) கலரே கரடி கலர்தான். ஓவியம் வராதவங்க மொத்தமும் கரடியா பண்ணிடலாம், யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

சிங்கத்துக்கு வளையமே பிடரி. இது நான் யோசிச்சது இல்ல, ஜப்பான்ல மிஸ்டர் டோனட் கடைல 2003-ல வந்த பொன் டி ரிங்னு ஒரு டோனட், 8 உருண்டைய வட்டமா ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும், அந்த வளையத்தையே பிடரியா போட்டு ஒரு சிங்கத்தை அந்தக் கடையோட சின்னமாவே ஆக்கிட்டாங்க. நம்ம வெர்ஷன்ல பிரவுன் வளையத்து மேல டார்க் காம்பவுண்ட்ல உள்ளேர்ந்து வெளிய கீத்து கீத்தா இழுத்து, நடுவுல ஓட்டை மேல 3 சென்டிமீட்டர் அகலத்துல மஞ்சள் வட்டம் ஒண்ணு ஒட்டி, அதுல கண்ணு மூக்கு வாய். 

நாலாவது பாம்பு. வளையம்தான் சுருண்டு கிடக்கிற உடம்பு, ஒரு முனைல மட்டும் மாவுல தலை பிடிச்சு ஒட்டி, மேல கட்டம் கட்டமா கோடு. மூஞ்சி வரையற வேலையே இல்ல. யானையும் லிஸ்ட்ல இருந்துச்சு, ஓட்டைலேர்ந்து தும்பிக்கை வெளிய வர்ற மாதிரி. பேப்பர்ல அமர்க்களமா இருக்கும், கைல எடுத்த ஒடனே தும்பிக்கை ஒடிஞ்சு கைல வந்துடும். யானைய விட்டுட்டோம்.

ஜப்பான்ல பாதாம் பருப்ப காதா சொருகி பூனை டோனட் பண்ணுவாங்க, பாக்க அவ்வளவு அழகு. இங்க வேண்டாம்னு முடிவு பண்ணினதுக்கு ரெண்டு காரணம். முழு பருப்பு சின்னப் பசங்க தொண்டைல சிக்கற பொருள், கூட வர்ற தம்பி தங்கச்சி 2 வயசு, 3 வயசு இருக்கும். அப்புறம் அலர்ஜி. அக்கா க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல முன்கூட்டியே கேட்டுட்டாங்க, ஒரு பையனுக்கு நட்ஸ் ஆகாதுன்னு பதில் வந்துச்சு. காதுக்கு சாக்கோ சிப்ஸ தட்டையா பாதியா வெட்டி வெச்சோம். காம்பவுண்ட் கவர்ல "நட்ஸ் இருக்கலாம்"னு பொடி எழுத்துல போட்டிருக்கான்னு பாத்து, போடாததா வாங்கினதும் அந்த பையனுக்காகத்தான். வெள்ளி உருண்டை, பல்குத்தற குச்சி, கைவினைக் கடைல விக்கற ஆடற பிளாஸ்டிக் கண்ணு, இது எதுவுமே சின்னப் பசங்க தின்ற பொருள் மேல இருக்கக்கூடாது, போட்டோக்கு எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

காம்பவுண்டுக்கு ஏன் ஜே போட்டோம்

ஒரிஜினல் சாக்லேட்ல கொழுப்பு கோக்கோ பட்டர். அது 34 டிகிரி பக்கம் உருகும், அதனாலதான் வாய்ல போட்டா கரையுது. ஆனா அந்த கொழுப்பு இறுகறப்ப ஆறு விதமா படிகமாகலாம், அதுல ஒரு வகை மட்டும்தான் பளபளன்னு, ஒடிச்சா சடக்னு சத்தம் போடற மாதிரி வரும். அந்த வகைய வரவைக்க டெம்பரிங் பண்ணணும், டார்க் சாக்லேட்னா 45 டிகிரி வரைக்கும் சூடாக்கி, 27 பக்கம் எறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏத்தணும். கிச்சனே 35 டிகிரில இருக்கறப்ப எங்க போய் 27-க்கு எறக்கறது. காம்பவுண்ட்ல கோக்கோ பட்டருக்கு பதிலா பனங்கொட்டை எண்ணெய் மாதிரி தாவரக் கொழுப்பு. உருக்கினோமா, ஊத்தினோமா, இறுகிச்சான்னு முடிஞ்சுது, டெம்பரிங் வேண்டாம். ருசில ஒரிஜினல் கிட்ட நிக்காது, ஒத்துக்கறேன், ஆனா 5 வயசுப் பசங்களுக்கு அது தெரியப் போறதில்ல. 2024-ல கோக்கோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டி எகிறினதுக்கு அப்புறம் 33 டோனட்டுக்கு ஒரிஜினல் வாங்கறதுன்னா பர்ஸும் சேந்து உருகும்.

தில்லை நகர் பக்கம் பேக்கிங் சாமான் கடைல மில்க் காம்பவுண்ட் கட்டி ஒண்ணு, ஒயிட் காம்பவுண்ட் கட்டி ஒண்ணு, கொஞ்சம் டார்க், ரெண்டு சிலிகான் அச்சு, ஒவ்வொண்ணுலயும் 6 குழி, சின்ன சைஸ். ஒரு டோனட் மேல்பூச்சுக்கு 10, 11 கிராம் காம்பவுண்ட் போகும், கண்ணு மூக்கு எல்லாம் சேத்து மொத்தத்துல 600 கிராம் வந்துச்சு.

உருக்கறது மைக்ரோவேவ்லதான், பாதி பவர்ல, 30 செகண்ட் வெச்சு எடுத்துக் கிளறி, மறுபடி 30 செகண்ட். கொதிக்கிற தண்ணி மேல கிண்ணம் வெக்கற முறை எனக்கு பிடிக்கல, ஆவி ஒரு சொட்டு உள்ள போனா மொத்தமும் கட்டி தட்டி கதை முடிஞ்சுது. ஒயிட் காம்பவுண்ட் சீக்கிரம் கருகும், கொஞ்சம் கட்டி மிச்சம் இருக்கறப்பவே எடுத்துட்டு கிளறியே கரைங்க. திக்கா இருக்குன்னு வெண்ணெய் சேக்காதீங்க, வெண்ணெய்ல ஆறுல ஒரு பங்கு தண்ணி. தேங்காய் எண்ணெய் சேக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்கே உருகற சரக்கு, மே மாசத்துல தாராளமா ஊத்தினா பூச்சு கைல ஒட்டிக்கிட்டே இருக்கும். 100 கிராமுக்கு அரை டீஸ்பூன் போதும்.

இப்ப முக்கியமான தந்திரம். டோனட்ட சாக்லேட்ல முக்கவே இல்ல. அச்சுக் குழில மொதல்ல உருக்கின காம்பவுண்ட ரெண்டு டீஸ்பூன் ஊத்தி, ஸ்பூன் முதுகால சுவர் வரைக்கும் ஏத்தி விட்டு, அச்ச மேடை மேல நாலு தட்டு தட்டணும், காத்துக் குமிழி பொட்டு பொட்டா மேல வந்து வெடிக்கும். ஒரு நிமிஷம் விட்டு ஓரம் மங்க ஆரம்பிக்கறப்ப 30 கிராம் மாவ கயிறா உருட்டி வளையமா உள்ள வெச்சு கட்டை விரலால அமுக்கி சமமாக்கி, அப்படியே ஃப்ரீசர்ல 15 நிமிஷம். வெளிய எடுத்து அச்ச பின்பக்கமா மடக்கினா டப்புனு குதிச்சு வரும், மேல கண்ணாடி மாதிரி வழவழன்னு, வழியல் இல்ல, கம்பி ரேக் தடம் இல்ல. முக்கி எடுத்த டோனட்டுக்கு இந்த பினிஷிங் எந்த ஜென்மத்துலயும் வராது. அச்சு துளி ஈரம் இல்லாம இருக்கணும், கழுவிட்டு துடைச்சா போதாது, ஃபேன் அடியில கொஞ்ச நேரம் கவுத்து வைங்க.

கலர் விவகாரம்

நான் போறதுக்கு முன்னாடியே அக்கா ஒரு கிண்ணம் ஒயிட் காம்பவுண்ட உருக்கி, கேசரிக்குப் போடற லிக்விட் பச்சைக் கலர ரெண்டு சொட்டு விட்டிருந்தாங்க. நான் உள்ள நுழையறப்ப கிண்ணத்துல பச்சைக் களிமண்ணும் அக்கா மூஞ்சில கோவமும். தண்ணில கரைச்ச கலர் கொழுப்புல சேராது, அந்த ரெண்டு சொட்டுத் தண்ணிய சர்க்கரைத் துகள் எல்லாம் இழுத்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டி தட்டிடும். ஜெல் கலரும் இதே கதைதான், கேக் க்ரீமுக்கு அது, சாக்லேட்டுக்கு இல்ல. எண்ணெய்ல கரைச்ச கலர், இல்லன்னா பவுடர் கலர், இது ரெண்டுதான். கட்டி தட்டினத தூக்கிப் போட வேண்டாம், சூடான பால் ஊத்தி அடிச்சா சாஸ் ஆயிடும். அந்த பச்சை சாஸ மாமா மட்டும் ஐஸ்க்ரீம் மேல ஊத்தி சாப்பிட்டாரு, வேற யாரும் தொடல.

கலர்னு பேச்ச எடுத்ததும் பாட்டி பஞ்சு மிட்டாய் கதைய ஆரம்பிச்சுட்டாங்க. நியாயமான பயம்தான். 2024 பிப்ரவரில தமிழ்நாட்ல பஞ்சு மிட்டாய் விக்க தடை போட்டாங்க இல்லையா, ரோஸ் கலருக்கு ரோடமின்-பி கலந்திருந்தது சோதனைல தெரிஞ்சதால, அது துணிக்கு சாயம் போடற கெமிக்கல், சாப்பாட்டுல சேக்கவே கூடாதது. அதுக்கும் கடைல டப்பால லேபிளோட விக்கற உணவுக் கலருக்கும் வித்தியாசம் உண்டு, நம்ம நாட்ல உணவுல சேக்க அனுமதிச்ச செயற்கைக் கலர் 8 தான், டப்பால நம்பர் போட்டிருக்கும். பச்சைன்னா பெரும்பாலும் 102 டார்ட்ராசின் மஞ்சளும் 133 பிரில்லியன்ட் ப்ளூவும் கலந்தது. லூஸ்ல பொட்டலம் கட்டித் தர்ற கலரை மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அனுமதிச்சதுன்னாலும் கொட்டித் தீக்கணும்னு இல்ல, டார்ட்ராசின் சேத்த பண்டத்துல பசங்களோட கவனத்தையும் துறுதுறுப்பையும் பாதிக்கலாம்னு எச்சரிக்கை போட்டே விக்கணும்னு ஐரோப்பால 2010-லேர்ந்து சட்டம். அதனால நாங்க பாட்டில் கலர தவளைக்கும் பாம்புக்கும் மட்டும் வெச்சுக்கிட்டோம், அதுவும் வெளிறின பிஸ்தா பச்சை வர்ற வரைக்கும்தான்.

சிங்கத்து மஞ்சளுக்கு சமையல் மஞ்சத்தூள். சிரிக்காதீங்க, சூப்பரா வேலை செய்யும். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் கொழுப்புல கரையும், அதனால ஒயிட் காம்பவுண்ட்ல ஒரு சிட்டிகை போட்டு கிளறி அஞ்சு நிமிஷம் விட்டா கலர் இறங்கி நல்ல சிங்க மஞ்சள் வந்துடும், வெனிலா வாசனைல மஞ்சள் வாடை தெரியாது. சிட்டிகைய தாண்டினா மட்டும் பொங்கல் நெனப்பு வரும். இதையே பீட்ரூட் பொடில பண்ணா வராது, பீட்ரூட் சிவப்பு தண்ணில கரையற வகை, கொழுப்புல புள்ளி புள்ளியா நிக்கும். முருங்கை இலைப் பொடி போட்டா பச்சை வரும், கூடவே முருங்கைக்கீரை ருசியும் வரும். தவளை நாக்கு மாதிரி துளியூண்டு சிவப்புக்கு கலரே கலக்கல, ஜெம்ஸ் மிட்டாய ஒடிச்சு அதோட சிவப்பு மேல்தோல ஒட்டினோம்.

கண்ணும் கோடும்

மூஞ்சில உயிர் கண்ணுலதான். ரெடிமேட் சர்க்கரைக் கண்ணு பாக்கெட்ல கிடைக்குது, ஆனா எல்லாம் ஒரே சைஸ், ஒரே முழி. நாங்க பட்டர் பேப்பர் மேல ஒயிட் காம்பவுண்ட்ல புள்ளி வெச்சு, அது இறுகினதும் பல்குத்தற குச்சி முனையால டார்க்ல கருவிழி தொட்டு வெச்சோம், குச்சி அதோட கூடைக்குப் போயிடுச்சு. கருவிழிய நடுவுல வெச்சா பொம்மை, கொஞ்சம் உள்பக்கமா மூக்க பாத்து வெச்சா குறும்பு, மேல பாத்து வெச்சா அப்பாவி. ரெண்டு கண்ணும் தள்ளித் தள்ளி கீழ இறக்கி இருந்தா குழந்தை முகம் வரும், நெருக்கி மேல வெச்சா அந்த கரடி வாத்தியார் மாதிரி முறைக்கும். 

கோடு இழுக்க கோன் வேணும். நாஸில் எல்லாம் வேண்டாம், மருதாணி கோன் சுத்தற அதே பிளாஸ்டிக் ஷீட் புதுசா வாங்கி கோன் சுத்தி, முனைய ஊசி நுழையற அளவுக்கு மட்டும் வெட்டணும். எதிர்த்த வீட்டு மாமி மார்கழில வாசல அடைச்சு கோலம் போடறவங்க, சும்மா எட்டிப் பாக்க வந்தாங்க, நான் சிங்கப் பிடரிக்கு கோடு இழுக்கறத ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "தள்ளும்மா"ன்னு கோன வாங்கிட்டாங்க. முனைய டோனட் மேல தேய்க்காம அரை இஞ்ச் மேல தூக்கிப் பிடிச்சு, இழைய காத்துல தொங்க விட்டு, கையை நகத்தி, முடியற எடத்துல சட்டுனு தொட்டு நிறுத்தறாங்க. அவ்வளவு சின்ன வளையத்துல ஒரு கோடு கோணல. முனை படாததால கீழ இருக்கிற பூச்சும் கீறல. கோன்ல காம்பவுண்ட் இறுகிடுச்சுன்னா வெந்நீர்ல போடாதீங்க, உள்ளங்கைல வெச்சு தேய்ங்க, அந்த சூடே போதும்.

ஒட்டற வேலைக்கு பசை தனியா வேண்டாம், உருக்கின காம்பவுண்ட் ஒரு பொட்டு. டோனட் சில்லுனு இருக்கறதால வெச்ச ஒடனே பிடிச்சுக்கும். இந்த வேலை முழுக்க ஏசி ரூம்ல, 24 டிகிரில, கட்டில் மேல பலகை போட்டு நடந்துச்சு. எறும்பு வராம இருக்க கட்டில் கால்கள தண்ணிக் கிண்ணத்துல வெச்சது பாட்டியோட ஏற்பாடு.

வேர்வை

எல்லாம் பண்ணி முடிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சவங்க பல பேர் தோத்துப் போறது கடைசி மணி நேரத்துலதான். ஃப்ரிட்ஜ்லேர்ந்து தட்டோட வெளிய எடுத்து டேபிள்ல வெச்ச பத்தாவது நிமிஷம் டோனட் மொத்தமும் முத்து முத்தா வேர்த்து, கண்ணு கரைஞ்சு கன்னத்துல வழியும், பாக்க சிங்கம் அழற மாதிரி இருக்கும். கணக்கு சிம்பிள். ஹால்ல 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அந்தக் காத்து 23 டிகிரிக்கு கீழ இருக்கிற எந்தப் பொருள் மேல பட்டாலும் தண்ணியா படியும். ஃப்ரிட்ஜ்லேர்ந்து வந்த டோனட் 5 டிகிரி. ஏசி ரூம்ல 24 டிகிரி, 50 சதவீதம்னா அந்த எல்லை 13 டிகிரிதான்.

அதனால காத்துப் புகாத டப்பால மூடியே ஏசி ரூமுக்கு கொண்டு வந்து, மூடியத் தொறக்காம ஒரு மணி நேரம் விட்டுட்டோம். வேர்வை படியறதா இருந்தா டப்பாக்கு வெளிப்பக்கம் படியும், அத துடைச்சுட்டு அப்புறம் தொறந்தா டோனட் காஞ்சு போய் பளிச்சுனு இருக்கும். ஹாலுக்கு மொத்தமா அனுப்பல. கேக் வெட்டினதுக்கு அப்புறம் பாதி, அது காலியானதும் மீதி. ஃபேன் அடியில அரை மணி நேரம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல விரல்ல ஒட்ட ஆரம்பிச்சுடும். போட்டோ எல்லாம் ஏசி ரூம்லயே எடுத்தாச்சு.

பார்ட்டி

மொத காலியானது பாம்பு. நான் சிங்கம்தான் ஓடும்னு நெனச்சேன், ஆனா பசங்க பாம்ப எடுத்து தலைய கடிச்சு தின்னுட்டு அம்மாகிட்ட காட்டறதுல ஒரு வீரம் பாத்தாங்க. தவளைய எடுத்தவங்க எல்லாம் நாக்க மொதல்ல பிடுங்கினாங்க. ரெண்டு மூணு சின்னதுங்க கரடிய தின்ன மாட்டேன்னு கைலயே வெச்சுக்கிட்டு, அது உருகி ப்ராக் எல்லாம் பிரவுன் ஆனப்புறம்தான் அழுதுச்சுங்க.

கொஞ்சம் சிங்கத்த கண்ணு வெக்காம நிறுத்தி வெச்சிருந்தோம், பசங்களே ஒட்டறதுக்கு. காம்பவுண்ட் அவங்க கைக்கு சரிப்படாது, சூடும் ஆகாது, அவங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இறுகியும் போயிடும். டின்ல ஒட்டிக்கிட்டிருந்த மில்க்மெய்ட வழிச்சு குட்டிக் கிண்ணத்துல வெச்சுக் கொடுத்தோம், அதத் தொட்டு கண்ண ஒட்டிக்கோன்னு. கோணலா இருந்தாலும் பெரியவங்க வெச்சத விட இதுங்கதான் சிரிச்சுது. ஒரு பையன் ரெண்டு கண்ண வெச்சுட்டு நெத்தில மூணாவதா ஒண்ணு வெச்சான். என்னடா இதுன்னு கேட்டா, "இது காட்டழகிய சிங்கர் ஆன்ட்டி, அவருக்கு நெத்திக்கண்ணு உண்டு"ங்கறான். ஸ்ரீரங்கத்துப் பையன், நரசிம்மர் கோயில் பக்கத்து வீடு, காடுன்னு தீம் வெச்சா அவன் வேற எந்த சிங்கத்த நெனப்பான். அதுக்கப்புறம் மிச்சம் இருந்த எல்லா சிங்கத்துக்கும் மூணு கண்ணு ஆயிடுச்சு, பாட்டி அத தின்னக் கூடாதுன்னு ஒரு பிரச்சனைய கிளப்பறதுக்குள்ள பசங்க தின்னு முடிச்சாச்சு.

சர்க்கரை கணக்கும் சொல்லிடறேன், ஏன்னா ரெண்டு அம்மாமாரு கேட்டாங்க. பிஸ்கட், மில்க்மெய்ட், காம்பவுண்ட் மூணுத்துலயும் இருக்கறத கூட்டினா ஒரு டோனட்ல 15 கிராமுக்கு மேலயே சேத்த சர்க்கரை வரும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன வரம்பு மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள, 5 வயசுப் பையனுக்கு அது 30 கிராம் சொச்சம். அதாவது ஒரு டோனட்லயே பாதி நாள் கோட்டா. அதனால கேக் அரை கிலோதான் சொன்னோம், வெட்டற சாங்கியத்துக்கு, ஜூஸ் பாக்கெட்ட எடுத்துட்டு நீர்மோர் வெச்சோம். இனிப்பு தின்ன வாய்க்கு நீர்மோர்தான் அதிகமா போச்சு, அண்டா காலி.

போறப்ப ஒரு அம்மா அக்காகிட்ட, எங்க பொண்ணு பர்த்டேக்கு இதே மாதிரி 40 பண்ணித் தருவீங்களா, பீஸுக்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. அக்கா என்னைப் பாத்தாங்க. வீட்லேர்ந்து வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேணும், அந்தப் பொண்ணு கேக்கறது டிவில வர்ற இளவரசி மூஞ்சி, அத வரைஞ்சு காசு வாங்கினா அந்தக் கம்பெனிக்காரன் உரிமை விவகாரம் வேற. சிங்கம், கரடி, தவளைக்கு யாரும் உரிமை கொண்டாட மாட்டாங்க. அதனால காசெல்லாம் வேண்டாம், அச்சு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, அளவு வாட்ஸ்அப்ல அனுப்பறேன், ஏசிய மட்டும் காலைலயே போட்டு வைங்கன்னு சொல்லி அனுப்பிட்டோம். மாமி கோனோட வரேன்னு அவங்களே சொல்லிட்டாங்க.